ஒரு லாக்கர்தான் போட முடியும்: முன்னாலா, பின்னாலா?

சேற்றுச்சக்கரம்:
வணக்கம். என்னிடம் ஒரு பழைய சுசுகி எஸ்ஜே 413 இருக்கிறது. பல நாடுகளில் சாமுராய் என்ற பெயரில் விற்றார்களே, அதே வண்டி. குட்டை வீல்பேஸ், 2030 மி.மீ. 1.3 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின், நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங், முன் சக்கரங்களில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப் (திறந்துவிட்டால் முன் சக்கரம் ஆக்சில் தண்டோடு சேராமல் தனியாக உருளும்). ஒரு ஆக்சிலின் இரண்டு சக்கரங்களுக்கும் முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் முன்னாலும் பின்னாலும் ஓப்பன், அதாவது பூட்டு இல்லாதது.

மற்ற நாட்களில் சாதாரண ரோட்டில் ஓட்டுகிறேன். விடுமுறை வந்தால் கல்லும் வேருமாக இருக்கும் ஏற்றங்கள். எப்போதும் ஒரே மாதிரிதான் நின்றுபோகிறது. பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு பள்ளம் வரும். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் அதற்கு எதிர்ப்பக்கச் சக்கரமும் சும்மா சுற்றும். மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். மெதுவாக, அதிக முறுக்கோடு போகும் லோ ரேஞ்ச் கியர் போட்டும் பயனில்லை.

டிஃப்ரன்ஷியலைப் பூட்டி இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் லாக்கரை இரண்டு ஆக்சிலுக்கும் போட இப்போது என்னால் முடியாது. ஒன்றுதான். எதற்கு? போட்டு ஓட்டியவர்கள் காரணத்தோடு சொன்னால் நல்லது.

பட்டறைத்தரை:
பின்னால். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

காரணம் எடை. சமதரையில் உங்கள் வண்டியின் எடை முன்னால் 55, பின்னால் 45 என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 30 டிகிரி ஏற்றத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பின் ஆக்சில் 63 சதவீதத்தைத் தாங்கும், முன்னால் மிச்சம் 37தான். குட்டை வண்டி என்பதால் இந்த இடமாற்றம் நீள வண்டியைவிட அதிகம்.

இப்போது நீங்கள் சொன்ன பள்ளத்தை அந்த ஏற்றத்தில் வையுங்கள். முன்னால் ஒரு சக்கரம் அந்தரத்தில், பின்னால் ஒன்று அந்தரத்தில். பின் லாக்கர் இருந்தால் பின்பக்க எடை முழுவதும் தரையில் ஊன்றியிருக்கும் ஒரு சக்கரத்தின் வழியாக வேலை செய்யும். வண்டி ஏறுவதற்கு அந்த டயருக்குத் தேவையான உராய்வு எண் ஏறக்குறைய 0.9. கடினம்தான், ஆனால் காய்ந்த பாறையில் நடக்கக்கூடியது. முன் லாக்கர் மட்டும் இருந்தால் அதே ஏற்றத்துக்கு 1.5-க்கு மேல் வேண்டும். அப்படிப் பிடிக்கும் டயரை நான் பார்த்ததில்லை.

கரடுப்பாதை:
பட்டறைத்தரை அண்ணன் கணக்கு சரி, ஆனால் வைத்துக்கொண்ட படம் முழுசாக இல்லை. ஒரு சக்கரம் முழுசாக அந்தரத்தில் இருந்தால்தான் ஓப்பன் டிஃப்ரன்ஷியலில் இழுவை பூஜ்யம். பெரும்பாலும் அந்தச் சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஓப்பன் டிஃப் இரண்டு பக்கமும் சமமாகத்தான் முறுக்கைப் பிரிக்கும். லேசாகப் பிடிக்கிற டயருக்கு 100 கிலோ இழுவை என்றால் மறுபக்கமும் 100 கிலோ கிடைக்கும். ஆக, லாக்கர் இல்லாத ஆக்சிலும் கொஞ்சம் உதவும்.

இரண்டாவது, 30 டிகிரி சாய்பலகை மாதிரியான ஏற்றத்தில் யாரும் நாள் முழுக்க ஓட்டுவதில்லை. உண்மையில் மாட்டுவது படி மாதிரி நிற்கும் கல்லில். முன் டயர் முழங்கால் உயரக் கல்லில் முட்டி நிற்கும். பின் சக்கரங்கள் எவ்வளவு தள்ளினாலும் முன் டயரைக் கல்லோடு அழுத்தும், அவ்வளவுதான். மேலே ஏற வேண்டியது முன் டயர். அது சுற்றிக் கல்லைக் கவ்வ வேண்டும். முன்னால் பூட்டியிருந்தால் இரண்டு டயரும் கவ்வும், மூக்கு எழும்பும். மூக்கு ஏறிவிட்டால் பின்னால் இருப்பதை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இவருக்குக் கையால் பூட்டும் ஹப் இருக்கிறது, வண்டி ரோட்டிலும் ஓடுகிறது. முன்னால் லன்ச்பாக்ஸ் வகை (சுவிட்ச் இல்லாமல் தானாகப் பூட்டுவது) லாக்கர் போட்டு ஹப்பைத் திறந்துவிட்டால் ரோட்டில் அந்த லாக்கர் இருப்பதே தெரியாது. முன் ஆக்சில் ஷாஃப்ட் எதுவும் சுற்றாது. அதே லாக்கரைப் பின்னால் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு திருப்பத்திலும் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்கும். குட்டை வண்டி, மழை ரோடு, திருப்பத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தீர்கள் என்றால் வண்டி ஒரு பக்கம் விலகும்.

சேற்றுச்சக்கரம்:
கரடுப்பாதை அண்ணா, அந்த விலகல் ஏன் வருகிறது? லாக்கர் என்றாலே பூட்டித்தானே இருக்கும், திருப்பத்தில் அது என்ன செய்கிறது?

கரடுப்பாதை:
லன்ச்பாக்ஸ் என்பது இருக்கிற டிஃப்ரன்ஷியல் கூட்டுக்குள் உள்ள சின்ன கியர்களை (ஸ்பைடர் கியர், சைடு கியர்) எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிற பல் வில்லைகள். அதன் விதி எளிது. எஞ்சின் முறுக்கு வரும்போது எந்தச் சக்கரமும் கிரவுன் வீலைவிட (டிஃப்ரன்ஷியல் கூட்டைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம்) மெதுவாகச் சுற்ற அது விடாது. வேகமாகச் சுற்ற விடும். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும் இல்லையா, அதனால் அது வேகமாகி, பல்லை விட்டுத் தனியாக உருளும். நீங்கள் கேட்கும் ‘டிக் டிக்’ அதுதான். அப்போது வண்டியைத் தள்ளுவது உள்சக்கரம் ஒன்று மட்டும்.

காலை எடுத்தவுடன் விதி திரும்பிவிடும். எஞ்சின் பிரேக் இப்போது வெளிச்சக்கரத்தின் வழியாகப் பிடிக்கும், உள்சக்கரம் விடுபடும். தள்ளிக்கொண்டிருந்தது உள்பக்கம், இழுத்துப் பிடிப்பது வெளிப்பக்கம். நீள வண்டியில் இந்த மாற்றம் லேசாகத் தெரியும். 2030 மி.மீ. வண்டியில் ஸ்டியரிங்கில் கையில் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தக் குணம் ரோட்டில் உறங்கும் ஆக்சிலில் இருக்கட்டும்.

பட்டறைத்தரை:
லன்ச்பாக்ஸைப் பின்னால் போடச் சொல்லி நான் சொல்லவில்லையே. பின்னால் போடுவதென்றால் தேவைப்படும்போது மட்டும் பூட்டுகிற வகை. காற்றிலோ மின்சாரத்திலோ கேபிளிலோ இயங்குவது. சுவிட்சை அணைத்தால் அது சாதாரண ஓப்பன் டிஃப். ரோட்டில் எந்த மாற்றமும் இல்லை.

முன் லாக்கரில் எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இதே வகை வண்டி, முன்னால் லன்ச்பாக்ஸ், ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்து ஒரு வேரைத் தாண்ட முயன்றேன். வலது முன் டயர் வேருக்கும் கல்லுக்கும் நடுவே ஆப்பு மாதிரி மாட்டியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கட்டை முறிகிற மாதிரி ஒரே ஒரு சத்தம். அப்புறம் அந்தச் சக்கரத்துக்கு எதுவும் போகவில்லை.

கழற்றியபோது பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. பர்ஃபீல்டு மூட்டின் (சக்கரம் திரும்பியிருந்தாலும் அதற்கு முறுக்கைக் கடத்தும் குண்டு மூட்டு) வெளிக்கிண்ணம் ஓரத்திலிருந்து அடிவரை பிளந்திருந்தது. உள்ளே குண்டுகளைத் தாங்கும் வளையம் மூன்று துண்டு. ஆறு குண்டில் நாலு கிரீஸுக்குள் கிடந்தன, இரண்டை நக்கிள் கூட்டுக்குள் விரலை விட்டுத் தேடி எடுத்தேன். ஒரு துண்டு உள்ளேயே இருந்துவிட்டால் அடுத்த மூட்டையும் தின்றுவிடும் என்பதால் கிரீஸ் முழுவதையும் துணியில் வழித்து, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்க வேண்டியிருந்தது. தப்பு என் கால்மேல்தான். ஆனால் பின் ஆக்சிலில் இப்படி ஒரு மூட்டே கிடையாது. நேரான ஒரு தண்டு, திரும்பும் வேலை இல்லை.

கியர்ப்பெட்டி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அண்ணன் சொன்ன உடைவை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும்.

இந்த எஞ்சினின் உச்ச முறுக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். முதல் கியர் 3.652, லோ ரேஞ்ச் 2.268, ஆக்சில் 3.727. மூன்றையும் பெருக்கினால் 31-க்குக் கொஞ்சம் குறைவு. ஆக, எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்து சுமார் 3,000 நியூட்டன் மீட்டர் போக முடியும்.

திறந்த தரையில் நிற்கும் ஒரு டயர் 300 கிலோவைத் தாங்கினால், நல்ல பாறையில்கூட அது சுமார் 800-க்கு வழுக்கிவிடும். அதாவது டயரே ஒரு ஃபியூஸ் மாதிரி. அது சுற்றிவிடுவதால் தண்டு தப்பிக்கிறது. ஆனால் ஆப்பாக மாட்டிய டயர் வழுக்காது. ஓப்பன் டிஃப் என்றால் அப்போது மறுபக்கச் சக்கரம் சுற்றி முறுக்கைக் கசியவிடும். லாக்கர் இருந்தால் கசிய வழியில்லை. அந்த ஆக்சிலுக்கு வருவது முழுவதும் ஒரே மூட்டுக்குள் போகும். மூட்டு ஒடிந்த கோணத்தில் இருந்தால் குண்டுகள் சமமாகச் சுமக்காது.

என் கருத்து வேறு. இந்த வண்டிக்கு லாக்கர் வாங்கும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு முறுக்கைப் பிரிக்கும், லோ ரேஞ்ச் இருக்கும் பெட்டி) கியரை மாற்றுங்கள். லோ ரேஞ்சை 2.268-லிருந்து 4.16-க்குக் கொண்டுபோகும் கியர் செட் இந்த வண்டிக்கு நெடுநாளாகக் கிடைக்கிறது. மெதுவாகப் போக முடிந்தால் பாதி இடங்களில் சக்கரம் சுற்றவே சுற்றாது. வேகத்தோடு மோதுவதால்தான் துள்ளி, துள்ளுவதால்தான் பிடிப்பு போகிறது.

கரடுப்பாதை:
கியர் நல்ல யோசனை, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் அந்தரத்தில்தான் சுற்றும். கேள்வி அதுதான். அதோடு உங்கள் கணக்குப்படியே 4.16 போட்டால் 3,000 என்பது 5,600 ஆகிவிடுகிறது. மூட்டுக்கு அது இன்னும் சுமை.

பட்டறைத்தரை அண்ணா, மூட்டு உடையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஸ்டியரிங் முழுசாக ஒடித்திருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தக் கூடாது என்பது முன் லாக்கர்க்காரர் முதலில் பழக வேண்டியது. சக்கரத்தைக் கொஞ்சம் நேராக்கிவிட்டு அழுத்தினால் பல வருடம் ஓடும். என்னுடையது ஓடுகிறது.

எண்பதுசீரிஸ்:
தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தாலே விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். டொயோட்டா லேண்ட் குரூசர் 80-இல் கம்பெனி லாக்கர் உள்ள வண்டிகளில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். முதல் திருப்பில் பின் லாக்கர். அடுத்த திருப்பில்தான் முன்னும் சேரும். முன்னை மட்டும் தனியாகப் பூட்ட அதில் வழியே இல்லை. மெர்சிடிஸ் ஜி வண்டியின் மூன்று பொத்தான்களும் நடு, பின், முன் என்ற வரிசைதான். ஒரே ஒரு லாக்கர் கொடுக்கும் கம்பெனிகள் பெரும்பாலும் பின்னால்தான் கொடுக்கின்றன.

கரடுப்பாதை:
அது எந்த லாக்கர் அதிகம் இழுக்கும் என்பதற்கான விடை இல்லை. எதைத் தெரியாதவர் கையில் கொடுத்தால் ஆபத்து குறைவு என்பதற்கான விடை. முன்னைப் பூட்டிவிட்டு மறந்துபோய் ரோட்டில் திரும்பினால் ஸ்டியரிங் நேராகவே போகப் பார்க்கும். வண்டி யார் கைக்குப் போகும் என்று தெரியாத கம்பெனி அதைத் தனியாகக் கொடுக்காது. நியாயம்தான். ஆனால் கேட்டவர் ஹப்பைக் கையால் பூட்டித் திறக்கிறவர். அவருக்கு அந்த மறதி நேர வாய்ப்பே குறைவு.

எதிர் உதாரணமும் இருக்கிறது. பழைய ஜீப் சிலவற்றில் பின்னால் டானா 35 ஆக்சில் வரும். அதில் லாக்கரும் பெரிய டயரும் சேர்த்தால் தண்டு தாங்காது என்பது ஜீப் ஓட்டுகிறவர்களிடையே பழைய பேச்சு. அந்த வண்டிக்கு ஒரே லாக்கர் என்றால் முன்னால் போடு என்பவர்கள் நிறைய. எது வலுவான ஆக்சில் என்பதும் ஒரு கேள்விதானே.

பட்டறைத்தரை:
அதே கேள்வியை இந்த வண்டிக்குக் கேளுங்கள். இதில் எது பலவீனம்? முன் மூட்டு. அப்புறம் எதற்கு அங்கே?

மலைக்காற்று:
ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. சரிவுக்குக் குறுக்கே போகும்போது என்ன ஆகும் என்பது.

சுற்றாமல் நிற்கும் டயர் பக்கவாட்டில் நன்றாகப் பிடிக்கும். சுற்றத் தொடங்கிவிட்ட டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு போய்விடும். ஓப்பன் டிஃப்பில் ஒரு டயர் சுற்றினாலும் மற்றது நிற்கும், அது வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருக்கும். லாக்கர் போட்டால் வழுக்கும்போது இரண்டும் சேர்ந்து சுற்றும், அந்த முனை அப்படியே கீழ்ப்பக்கம் சரியும்.

பின்னால் பூட்டியிருந்தால் பின்பக்கம் சரியும், வண்டி பாதைக்குக் குறுக்கே திரும்பும். ஈரமான களிமண் சரிவில் இது எனக்கு நேர்ந்திருக்கிறது. பின்முனை மெதுவாக, ஒரு பெட்டியைத் தள்ளுகிற மாதிரி, ஒன்றரை அடி கீழே நகர்ந்தது. ஸ்டியரிங்கால் எதுவும் செய்ய முடியவில்லை. சுவிட்சை அணைத்தேன், நின்றது. முன்னால் பூட்டியிருந்தால் மூக்கு கீழ்நோக்கித் திரும்பும். பள்ளம் பெரிதாக இல்லையென்றால் அப்படியே இறக்கத்தில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். எனக்கு அது இரண்டில் குறைந்த பயம்.

அதனால் முன்னோ பின்னோ, சுவிட்ச் இருக்கும் வகையே வேண்டும். தானாகப் பூட்டும் வகை களிமண் சரிவில் உங்களைக் கேட்காது.

பட்டறைத்தரை:
இது நான் சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம். மலைக்காற்று சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். சரிவுக்குக் குறுக்கே போகும்போது பின் லாக்கரை அணைத்துவிட வேண்டும். என் வாதத்துக்கு இது எதிராகவே இருந்தாலும்.

கியர்ப்பெட்டி:
சேற்றுச்சக்கரம், ஒரு கேள்வி. முன்பக்க ஸ்டெபிலைசர் கம்பி (இடது, வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாய்வதைக் குறைப்பது) இன்னும் இருக்கிறதா? டயர் காற்று எவ்வளவு வைத்து ஏறுகிறீர்கள்?

சேற்றுச்சக்கரம்:
கம்பி இருக்கிறது. காற்று 26 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன், ரோட்டில் ஓட்டும் அதே அளவு.

கியர்ப்பெட்டி:
அப்படியென்றால் எதையும் வாங்குவதற்கு முன்னால் இரண்டையும் செய்யுங்கள். காற்றை 15-க்கு இறக்குங்கள். ஒரு டன் சுற்றியுள்ள வண்டிக்கு 26 என்பது கல்லின்மேல் பந்து வைத்த மாதிரி. திரும்பி ரோட்டுக்கு வரும்போது ஏற்றிக்கொள்ள ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்கட்டும். கம்பியை மேட்டில் ஏறும்போது மட்டும் கழற்றுங்கள், ரோட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் அந்தக் கம்பிதான் முன் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் தூக்கிப் பிடிக்கிறது.

அப்புறம் நாலு டயரின் பக்கவாட்டிலும் சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். வெளியே ஒருவரை நிற்க வைத்து, மாட்டும் இடத்தில் மெதுவாக ஏறுங்கள். எந்தக் கோடு முதலில் சுற்றுகிறது, எது நிற்கிறது என்று அவர் சொல்லட்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இது சரியாகத் தெரியாது. நாம் இங்கே பேசுவதைவிட அந்தக் கோடு அதிகம் சொல்லும்.

இன்னொன்று. மாட்டும்போது ஆக்சிலரேட்டரோடு சேர்த்து பிரேக்கை இடது காலால் லேசாக மிதித்துப் பாருங்கள். சும்மா சுற்றும் சக்கரத்துக்கு அது ஒரு தடை. அந்தத் தடை அளவுக்கு மறுபக்கமும் முறுக்கு போகும்.

கரடுப்பாதை:
சாக்பீஸ் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. முன் சக்கரம்தான் முதலில் சுற்றும் என்று நான் சொல்கிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சேற்றுச்சக்கரம்:
போய் வந்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எதையும் மாற்றாமல் ஏறினேன். என் தம்பி வெளியே நின்றான். பள்ளத்தில் முன் இடது சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. கோடு வேகமாகச் சுற்றியது. பின் வலது சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தது, ஆனால் அதுவும் சுற்றி, கல்லைப் பின்னால் வாரி அடித்தது. முன் வலது, பின் இடது இரண்டின் கோடும் நின்ற இடத்திலேயே நின்றன.

அடுத்து காற்றை 15-க்கு இறக்கி, கம்பியைக் கழற்றினேன். அதே இடம். இந்தத் தடவை முன் இடது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்தது! தரையை விட்டு எழும்பவே இல்லை. ஆறு முயற்சியில் மூன்று தடவை ஏறிவிட்டேன். ஏறாத மூன்று தடவையும் முதலில் சுற்றத் தொடங்கியது பின் வலது. அது சுற்றி முடிந்து, வண்டி நின்ற பிறகுதான் முன்பக்கம் சுற்றியது. தம்பி மூன்று தடவையும் அதையே சொன்னான்.

பிரேக் மிதிப்பதையும் செய்து பார்த்தேன். நின்றுபோன தடவைகளில் ஒன்றில் அதுவே வெளியே எடுத்தது. மற்ற இரண்டில் எஞ்சின் திணறி அணைந்தது.

ஒரு செல்போன் செயலியில் சாய்வு அளந்தேன், 20 டிகிரிக்குப் பக்கம். அண்ணன் சொன்ன 30 இல்லை.

பட்டறைத்தரை:
20 என்றால் என் கணக்கைத் திருத்தித்தான் சொல்ல வேண்டும். 20 டிகிரியில் பின்னால் 57, முன்னால் 43 மாதிரி வரும். மற்ற ஆக்சில் எதுவும் தரவில்லை என்று வைத்துக்கொண்டால், பின் லாக்கருக்குத் தேவையான உராய்வு எண் 0.64, முன் லாக்கருக்கு 0.84. வித்தியாசம் நான் முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதல்ல. தளர்ந்த கல்லில் இரண்டுமே தனியாகக் கிடைக்காது, அங்கே கரடுப்பாதை சொன்ன அந்த ‘கொஞ்சம் உதவும்’ ஆக்சில்தான் மிச்சத்தைத் தர வேண்டும்.

ஆனாலும் உங்கள் கோடு பின் சக்கரத்தைத்தான் காட்டுகிறது.

கரடுப்பாதை:
ஆமாம், இந்த இடத்தில் நான் சொன்னது நடக்கவில்லை. கம்பியைக் கழற்றியதும் முன்பக்கம் நன்றாக இறங்குகிறது. அதனால் ஓப்பன் டிஃப்பாக இருந்தாலும் முன்னால் இரண்டு டயரிலும் எடை இருக்கிறது, பின்னால்தான் குறை. இந்தப் பாதைக்குப் பின் லாக்கர் சரி.

படி மாதிரிக் கல்லில் நான் சொன்னதை மாற்றவில்லை. அங்கே போகும் நாளில் முன்னால் இல்லாதது தெரியும். பின்பக்கமாக மேலே ஏற வேண்டி வந்தாலும் அப்படித்தான், அப்போது எடை முன் ஆக்சிலுக்கு வந்துவிடும். அதையும் மனதில் வையுங்கள்.

எண்பதுசீரிஸ்:
எந்த வகை போடப் போகிறீர்கள்?

சேற்றுச்சக்கரம்:
பின்னால், காற்றில் இயங்குவது. களிமண் சரிவு பற்றி மலைக்காற்று எழுதியதைப் படித்த பிறகு தானாகப் பூட்டும் வகையைப் பின்னால் வைத்துக்கொண்டு மழையில் ரோட்டில் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. என் மகளை அந்த வண்டியில்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். கம்ப்ரஸர் எப்படியும் டயருக்கு வேண்டும், அதே கம்ப்ரஸரில் இதையும் இணைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

டிஃப்ரன்ஷியலை நானே இறக்கி ஏற்றலாமா? லன்ச்பாக்ஸ் என்றால் வீட்டிலேயே செய்யலாம் என்கிறார்கள்.

பட்டறைத்தரை:
லன்ச்பாக்ஸில் பழைய கூடு அப்படியே இருக்கும், கிரவுன் வீல் இடம் மாறாது. அதனால் செய்யலாம். காற்று லாக்கர் புதுக் கூட்டோடு வரும். கிரவுன் வீலைக் கழற்றி அதில் மாட்ட வேண்டும், அதைச் சுற்றும் சின்ன பல்சக்கரமான பினியனுக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும், பேரிங் இறுக்கம் பார்க்க வேண்டும். பல்லில் மை தடவிச் சுற்றி, எங்கே பதிகிறது என்று பார்க்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். நீங்கள் இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப ஏற்றலாம். இந்த ஆக்சிலில் டிஃப்ரன்ஷியல் தனித் துண்டாகக் கழன்று வரும், அதற்கு முன் இரண்டு பக்கத் தண்டையும் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும்.

கரடுப்பாதை:
ஏற்றும்போது ஆக்சில் பிரீதர் குழாயையும் (ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று வந்துபோகும் வழி) புதிதாக மாற்றி, சேஸிஸ் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் தாழ்வாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

காற்று லாக்கரில் அந்தப் பிரீதருக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் காற்று ஆக்சிலுக்குள் போய் எண்ணெயைப் பிரீதர் வழியாக வெளியே தள்ளும். சுவிட்ச் போட்டபடி கம்ப்ரஸர் அடிக்கடி தானாக ஓடுகிறதா, பிரீதர் முனையில் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று முதல் மாதம் பார்த்துக்கொண்டே இருங்கள். காற்றுக்குழாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, ஆக்சில் முழுசாகக் கீழே தொங்கும்போதும் இழுபடாத அளவுக்குத் தளர்வாக விடுங்கள். நான் முதலில் இறுக்கமாக விட்டு, முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொண்டது.

சேற்றுச்சக்கரம்:
குறித்துக்கொண்டேன் அண்ணா. வண்டியை ஜாக்கில் தூக்கி, ஆக்சிலைத் தொங்கவிட்டு, அப்புறம் குழாயை அளந்து வெட்டுகிறேன்.